கட்டடத்துக்கு எத்தனை மார்க்?

மே மாதம். மத்தியானம் 12 மணி. மேற்குத் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக நடந்து வருகிறீர்கள். மேலே வெயில் கொளுத்துகிறது. கீழே தார் கொதிக்கிறது. திடீரென்று பக்கத்திலிருந்து 'ஜில்'லென்று ஒரு காற்று! திரும்பிப் பார்த்தால், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். இரண்டு விநாடி நின்று அந்தக் காற்றை ஓசியில் வாங்கிக்கொள்ளாத பிள்ளை தாம்பரத்தில் உண்டா? நானே வாங்கியிருக்கிறேன்!

அந்த ஓசிக் காற்றுக்கும் காசு உண்டு. கடை முதலாளி கரண்ட் பில்லில் கட்டிவிடுகிறார். ஆனால், பில்லில் வராத இன்னொரு கணக்கும் இருக்கிறது, குட்டீஸ். அந்தக் காற்றைக் குளிர வைக்க எவ்வளவு கரியமில வாயு வெளியே போயிற்று?

"கடையில் ஏது புகை? மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க்தானே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. பஸ்ஸுக்குப் பின்னால் புகைக்குழாய் உண்டு. செங்கல் சூளைக்குப் புகைபோக்கி உண்டு. ஜவுளிக்கடைக்கும், ஆஸ்பத்திரிக்கும், கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் அப்படி எதுவும் இல்லை. ஏனென்றால், அவற்றின் புகைபோக்கி வேறு ஊரில் இருக்கிறது!

புகைபோக்கி எங்கே?

தாம்பரத்திலிருந்து அப்படியே வடக்கே போங்கள். சென்னை முழுவதையும் தாண்டி, எண்ணூரையும் தாண்டி, அத்திப்பட்டு வந்தால் வட சென்னை அனல் மின் நிலையம். கப்பலில் வரும் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி, கரண்ட் எடுக்கிறார்கள். நாம் இங்கே 'டப்'பென்று ஸ்விட்சைப் போட்டால், அங்கே கொஞ்சம் நிலக்கரி எரிகிறது.

எல்லாக் கரண்டும் அப்படி வருவதில்லை. தெற்கே கல்பாக்கத்தில் 1984 முதல் அணு மின் நிலையம் ஓடுகிறது. அங்கே நிலக்கரி இல்லை. முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுகின்றன. (காற்றாலைகளை ஆராயும் தேசிய நிறுவனம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. வேளச்சேரி - தாம்பரம் ரோட்டில் போகும்போது பலகையைப் பாருங்கள்!) மேட்டூரில் தண்ணீர் சுழற்றுகிறது. வீட்டு மாடிகளில் சூரியத் தகடு.

இத்தனை இடத்துக் கரண்டும் ஒரே கம்பி வலையில் கலந்துவிடுகிறது. பால் சொசைட்டியில் பார்த்திருப்பீர்களே, ஊரில் உள்ள மாடுகளின் பாலை எல்லாம் ஒரே கேனில் ஊற்றுவார்களே, அந்த மாதிரி. "என் டம்ளரில் இருப்பது எந்த மாட்டுப் பால்?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் மொத்த நாட்டுக்கும் சேர்த்து ஒரு சராசரி போடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது, ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு.

ஒரு யூனிட் என்றால்? 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடானால் ஒரு யூனிட். 0.7 கிலோ வாயு எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? தெருவில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் இருக்கிறதல்லவா, 200 லிட்டர் டிரம்? அதில் இரண்டு டிரம் நிறைய! கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் நாம் எல்லோரும் எப்போதோ ஸ்விட்சை அணைக்கப் பழகியிருப்போம்.

ஒரு லிட்டரிலிருந்து எப்படி 2.7 கிலோ?

கரண்ட் போனால் கடைக்குப் பின்னால் 'தடதட'வென்று ஒரு சத்தம் வரும். ஜெனரேட்டர்! அது டீசல் குடிக்கிறது. இங்கே புகைபோக்கி கடையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவுதான். அதிலிருந்து 2.7 கிலோ வாயு எப்படி வரும்? கணக்கு தப்பா?

தப்பில்லை. டீசலில் இருப்பது பெரும்பாலும் கார்பன். அது எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு கார்பன் அணுவின் எடை 12 என்று வைத்தால், ஓர் ஆக்சிஜன் அணுவின் எடை 16. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு கிளம்புகிறது. 12-ம் 32-ம் சேர்ந்தால் 44! கல்யாண வீட்டுக்குத் தனியாகப் போன மாமா, கை நிறையத் தாம்பூலப் பையோடு திரும்பி வருவது மாதிரி, எடை கூடிவிட்டது. பாக்கி எடை முழுவதும் காற்றிலிருந்து எடுத்தது. (டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் தண்ணீராகி, நீராவியாகப் போய்விடும்.)

மூன்றாவது ஒரு திருடன் இருக்கிறான். அவன் ஏ.சி. இயந்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருப்பவன். "சார், கேஸ் போயிடுச்சு, ஃபில் பண்ணணும்" என்று ஏ.சி. மெக்கானிக் அண்ணன் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? ஏ.சி.யில் உள்ள வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கில்லை. அது குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வர வேண்டியது. குறைந்துவிட்டது என்றால், ஓட்டை வழியே வானத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஏ.சி.களில் இருக்கும் ஆர்-22 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், 100 ஆண்டுக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்! ஒரே ஒரு கிலோ!

ஆக, ஒரு கட்டடத்தின் கணக்கை எழுத உட்கார்ந்தால், கரண்ட் பில், டீசல் ரசீது, கேன்டீன் சிலிண்டர், ஏ.சி. மெக்கானிக்கின் சீட்டு எல்லாவற்றையும் மேஜையில் பரப்ப வேண்டும். உலகம் முழுவதும் கம்பெனிகள் இதை ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று 2001-ல் ஒரு விதிப் புத்தகம் வந்தது. அது கணக்கை மூன்று கூடையாகப் பிரிக்கிறது. நம் இடத்திலேயே எரிப்பதும் கசிவதும் முதல் கூடை. விலைக்கு வாங்கும் கரண்ட் இரண்டாவது. மற்றதெல்லாம், வேலைக்கு வருகிறவர்களின் பைக் புகை முதல் கட்டடம் கட்டிய சிமென்ட் வரை, மூன்றாவது. மூன்றாவது கூடைதான் பெரிய தலைவலி. பாதிப் பேர் அதைத் தொடவே பயப்படுவார்கள்.

யார் நல்ல பிள்ளை?

சரி, கூட்டிவிட்டோம். இப்போது ஒரு பஞ்சாயத்து.

குரோம்பேட்டையில் ஓர் அலுவலகம், சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகம் என்று கற்பனை செய்துகொள்வோம். குரோம்பேட்டைக்காரர் ஆண்டுக்கு 3,80,000 யூனிட் செலவு செய்கிறார். சோழிங்கநல்லூர்க்காரர் 12,00,000 யூனிட். 0.7-ஆல் பெருக்கினால், முதலாமவர் 266 டன் கரியமில வாயு, இரண்டாமவர் 840 டன். யார் மோசம்?

"சோழிங்கநல்லூர்!" என்று கத்திவிடாதீர்கள். ராமு 40 மார்க் வாங்கினான், சீதா 80 மார்க் வாங்கினாள் என்றால் உடனே கைதட்டுவீர்களா? "எத்தனைக்கு?" என்று கேட்க மாட்டீர்களா? ராமு வாங்கியது 50-க்கு, சீதா வாங்கியது 200-க்கு என்றால் கதையே மாறிவிடும் அல்லவா?

கட்டடத்துக்கும் "எத்தனைக்கு?" என்று கேட்க வேண்டும். குரோம்பேட்டைக் கட்டடத்தின் பரப்பு 2,000 சதுர மீட்டர். சோழிங்கநல்லூர் 10,000 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள். முதலாவது, ஒரு சதுர மீட்டருக்கு 190 யூனிட். இரண்டாவது, 120 யூனிட்தான். பெரிய கட்டடம்தான் சிக்கனமான பிள்ளை!

இப்படி வகுத்து, ஒரே வகைக் கட்டடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு ஆங்கிலத்தில் 'பெஞ்ச்மார்க்' என்று பெயர். தமிழில் 'ஒப்பளவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இதற்கு ஒரு ஸ்டார் உண்டு. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002 மார்ச்சில் எரிசக்தி சிக்கன அமைப்பு டில்லியில் தொடங்கியது. 2006-ல் ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்ட ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான். 2009-ல் அலுவலகக் கட்டடங்களுக்கும் ஸ்டார் கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னையும் தாம்பரமும் 'வெப்பமும் ஈரப்பதமும்' உள்ள மண்டலத்தில் வருகின்றன. (வேர்வை காயவே மாட்டேன் என்கிறதே, அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் இது!) இங்கே, பாதிக்கு மேல் ஏ.சி. உள்ள பகல் நேர அலுவலகம், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 175 முதல் 200 யூனிட் வரை செலவழித்தால் ஒரு ஸ்டார். 100-க்குக் கீழே போனால் ஐந்து ஸ்டார். தொடங்கியபோது போட்ட அளவு இது. மேலே சொன்ன குரோம்பேட்டைக்கு ஒன்று, சோழிங்கநல்லூருக்கு நான்கு. பாதிக்கும் குறைவாக ஏ.சி. உள்ள கட்டடத்துக்குத் தனி அளவு வைத்தார்கள். அதில் ஐந்து ஸ்டார் வேண்டுமானால் 45 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஏன் தனித்தனி அளவு? ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தையும், தாம்பரத்தில் விசிறிக்கொண்டிருக்கும் அலுவலகத்தையும் ஒரே தராசில் நிறுத்தினால் நியாயமா? இரவு முழுவதும் வெளிநாட்டு போனுக்குப் பதில் சொல்கிற கால் சென்டரும், சாயங்காலம் ஐந்தரைக்குப் பூட்டுகிற அலுவலகமும் ஒன்றா? இதற்காகவே கால் சென்டர் மாதிரியான நிறுவனங்களுக்கு, ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஓடிய மணிக் கணக்கால் வகுத்து ஸ்டார் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியைப் படுக்கை எண்ணிக்கையாலும், ஹோட்டலை அறை எண்ணிக்கையாலும் வகுத்துப் பார்ப்பதுண்டு.

மார்க்கில் ஏமாற்றலாமா?

முடியும், என்பதுதான் வருத்தம். யோசித்துப் பாருங்கள். வாசலில் ஒரு பெரிய கூடம், நடுவில் ஒரு நீரூற்று, உட்கார யாருமில்லாத சோபாக்கள் என்று காலி இடத்தைக் கூட்டிக்கொண்டே போனால், வகுக்கும் எண் பெரிதாகி, விடை சின்னதாகிவிடும்! பாதி மாடி ஆளில்லாமல் கிடந்தாலும் அதே கதைதான். ஆயிரம் பேர் நெருக்கியடித்து வேலை செய்யும் கட்டடம், காலிக் கட்டடத்திடம் தோற்றுப்போகும். என்னைக் கேட்டால், பரப்பால் மட்டும் வகுப்பது அரைக் கணக்குதான். ஆட்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சில கட்டடங்களின் வாசலில் 'பசுமைக் கட்டடம்' என்று பளபளக்கும் பட்டயம் இருக்கும். இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய கட்டடம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 14-ல் அதைத் திறந்து வைத்தவர், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். நல்ல முயற்சிதான். ஆனால் எந்த ஊரானாலும், கட்டும்போது வாங்கும் பட்டயம் ஹால் டிக்கெட் மாதிரி. மார்க் ஷீட் என்பது மீட்டர்தான். பட்டயம் மாட்டிய பிறகு கதவைத் திறந்து போட்டு ஏ.சி. ஓட்டினால், பட்டயம் வந்து தடுக்குமா?

2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கட்டடங்கள் முளைத்தன. பல கட்டடங்களுக்குச் சுவரே கண்ணாடிதான். கண்ணாடி வழியாக நம்மூர் வெயில் ஜோராக உள்ளே வரும். வந்த சூட்டை வெளியே தள்ள ஏ.சி. படாதபாடு படும். பனி பெய்யும் நாட்டுக்கு அந்த மோஸ்தர் சரி. வேளச்சேரி வெயிலுக்கு எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நியூயார்க்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? பெரிய கட்டடங்கள் எல்லாம் ஆண்டுதோறும் எரிசக்திக் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் சட்டம் போட்டார்கள். 2020 முதல், வாங்கிய கிரேடை வாசலிலேயே ஒட்ட வேண்டும் என்றார்கள். 'டி' வாங்கிய கட்டடமும் 'டி' என்று பெரிய எழுத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்! ரேங்க் கார்டை அப்பாவிடம் காட்டுகிற கஷ்டம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? 2024 முதல், பெரிய கட்டடங்கள் அளவுக்கு மேல் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம் என்றும் விதி வந்துவிட்டது. சிங்கப்பூரிலும் 2013 முதல் கட்டடக்காரர்கள் ஆண்டுதோறும் கணக்கு கொடுக்கிறார்கள்.

நம் சென்னைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2023-ல் சென்னை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல் திட்டத்தின்படி, 2018-19-ல் நகரம் வெளியிட்டது சுமார் 1 கோடியே 44 லட்சம் டன். அதில் பத்தில் ஏழு பங்கு, கட்டடங்களும் அவை போன்ற நிலையான இடங்களும் எரித்த எரிசக்தியால் வந்தது. பஸ், கார், லாரி எல்லாம் சேர்ந்தும் அதற்குக் கிட்டே வரவில்லை. நாம் புகை என்றால் பஸ்ஸைத்தான் திட்டுகிறோம், பாவம்! ஆனால் ஒன்று கவனியுங்கள். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. அதனால் அந்த 1 கோடியே 44 லட்சத்தில் நாம் இல்லை. கணக்கு போடும் முன் எல்லைக் கோடு எங்கே என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

"அது இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று முடிச்சூர்ப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, படகில் ஏறிய கதையை அம்மா, அப்பா சொல்லியிருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியது உங்களில் பலருக்கே நினைவிருக்கும். அந்த மழையை இந்த வாயுதான் கொண்டுவந்தது என்று ஒரு குறிப்பிட்ட மழையைக் காட்டிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஏரியை அடைத்துக் கட்டியதும் ஒரு காரணம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால், சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்க முடியும். சுமந்ததை ஒருநாள் கொட்டத்தானே வேண்டும்?

உங்கள் பள்ளிக்கு நீங்களே போடுங்கள்!

இனி உங்கள் வேலை. ஹெட்மாஸ்டரிடம் கேட்டு, ஓராண்டு கரண்ட் பில்களை வாங்குங்கள். யூனிட்டுகளைக் கூட்டுங்கள். பிறகு டேப் எடுத்து வகுப்பறைகளை அளங்கள். டேப் இல்லையா? உங்கள் ஓரடி எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் பார்த்து, நடந்தே அளக்கலாம். சதுர அடியில் கிடைத்தால் 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். மாடி இருந்தால் ஒவ்வொரு மாடியையும் சேர்க்க மறக்காதீர்கள். ஆண்டுக்கு 12,000 யூனிட், 1,500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விடை 8. "அடேயப்பா, ஐந்து ஸ்டாரே 45-தானே, எங்கள் ஸ்கூல் உலக சாம்பியன்!" என்று குதிக்க வேண்டாம். ஃபேன் மட்டும் ஓடும் பள்ளியை ஏ.சி. அலுவலகத்தோடு ஒப்பிடக் கூடாது என்று இப்போதுதானே பார்த்தோம்? பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடுங்கள். அல்லது உங்கள் பள்ளியையே போன ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு துப்பறியும் வேலை. இதற்கு மீட்டரைத் தொடவே கூடாது. ஒரு பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு, தள்ளி நின்று எண்ணைப் பார்த்தால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு ரீடிங். திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்கு முன் ஒரு ரீடிங். நடுவில் பள்ளியில் ஒருவருமே இல்லை. அப்படியானால் இரண்டு எண்ணும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

நான் என் வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால், பூட்டிய வீட்டில் மீட்டர் 5 யூனிட் ஓடியிருந்தது. பத்து டிரம்! ஃபிரிட்ஜை மன்னித்துவிட்டேன். உள்ளே மாவு இருந்தது. மீதி யார் என்று தேடினால், ஆளில்லாத குளியலறையில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் பள்ளியில் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். என் சந்தேகம், வராந்தா மூலையில் இருக்கும் வாட்டர் கூலர் மேல்தான்.